பைத்தான் கணினியில் குடியேறும் விதம்

பைத்தானில் எழுதிய நிரல் கணினியில் வெறும் எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது. கணினியின் செயலிக்குத் தெரிந்தது அதன் பொறிமொழி மட்டுமே. கோப்பைப் படித்துப் பொருள் கண்டு, அதன்படி செயலியை வேலை வாங்குவது இன்டர்பிரெட்டர் என்னும் இன்னொரு நிரல். பள்ளிப் பாடநூல்கள் இதை வரிமொழிமாற்றி என்கின்றன. பெயர் அப்படி இருந்தாலும், பைத்தானின் இன்டர்பிரெட்டர் முதலில் கோப்பு முழுவதையும் பைட்கோடு என்னும் இடைநிலைக் கட்டளைகளாக மாற்றிக்கொண்டு, பிறகே அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. அதனால்தான் முதல் வரிகள் சரியாக இருந்தாலும், முப்பதாவது வரியில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் நிரல் தொடங்கவே மறுக்கிறது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கீடோ வான் ராசம் 1989 டிசம்பரில் இந்த இன்டர்பிரெட்டரை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அதன் 0.9.0 பதிப்பு வெளியானது. சி மொழியில் எழுதப்பட்டதால் இதற்குச் சிபைத்தான் என்று பெயர். ஆக, இது ஒரு சங்கிலி. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் ‘எழில்’ மொழியின் இன்டர்பிரெட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானுடையது சி மொழியில் எழுதப்பட்டது. சி நிரலையோ கம்பைலர் நேரடியாகப் பொறிமொழிக்கு மாற்றிவிடுகிறது. இன்டர்பிரெட்டரை ‘பில்ட்’ செய்வது என்பது இந்தக் கடைசி மாற்றத்தைத்தான் குறிக்கிறது.

பெரும்பாலோருக்கு இந்த வேலை தேவைப்படுவதில்லை. விண்டோஸுக்கும் ஆப்பிளின் மேக் கணினிக்கும் ஏற்கெனவே பில்ட் செய்த நிறுவிகள் பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கிடைக்கின்றன. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் பைத்தான் உடனிணைந்தே வருகிறது. ஆனால் லினக்ஸ் தரும் பதிப்பு பழையதாக இருக்கலாம். அலுவலகக் கணினியில் அட்மின் உரிமை இல்லாமல் போகலாம். பைத்தானின் உள்ளமைப்பையே திருத்திப் பார்க்க ஒருவர் விரும்பலாம். அப்போது மூலநிரலை இறக்கி, சொந்தமாகப் பில்ட் செய்வது ஒரு வழி.

லினக்ஸில் இதற்கு முதல் தேவை ஜிசிசி போன்ற ஒரு சி கம்பைலரும், மேக் என்னும் கருவியும். அடுத்த தேவைதான் புதியவர்களைத் தடுக்கி விழவைப்பது. பைத்தான் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்புகளைச் சுருக்க ஸீலிப், பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல், தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட், சாளரங்கள் வரைய டிகே என்று பிறர் எழுதிய லைப்ரரிகளை நம்பியிருக்கிறது. இவை பெரும்பாலும் கணினியில் முன்பே இருக்கும். ஆனாலும் பில்ட் செய்ய அது போதாது. லைப்ரரியில் என்னென்ன செயல்கள் உள்ளன, அவற்றை எப்படி அழைப்பது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகளும் வேண்டும். இவை தனித் தொகுப்புகளாக வருகின்றன. டெபியன், உபுண்டுவில் அத்தொகுப்புகளின் பெயர்கள் ‘டெவ்’ என்றும், ஃபெடோராவில் ‘டெவெல்’ என்றும் முடியும்.

மூலநிரல் பொதியைப் பிரித்தபின், அதன் கோப்புறைக்குள் சென்று டெர்மினலில் கான்ஃபிகர் என்னும் ஸ்கிரிப்டை இயக்க வேண்டும். அது கணினியைத் துருவித் துருவிக் கேள்வி கேட்கிறது. எந்தக் கம்பைலர், எந்த வகைச் செயலி, எந்தெந்த ஹெடர் கோப்புகள் உள்ளன என்று நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடுகின்றன. கிடைத்த விடைகளைக் கொண்டு மேக்ஃபைல் என்னும் வேலைத்திட்டம் ஒன்றை எழுதி வைக்கிறது. இரண்டு முடிவுகளை இங்கேயே எடுத்துவிட வேண்டும். பைத்தான் எந்தக் கோப்புறையில் அமர வேண்டும் என்பதை ‘பிரிஃபிக்ஸ்’ தெரிவு தீர்மானிக்கிறது. வேகம் வேண்டுமானால் ‘எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்’ தெரிவைச் சேர்க்க வேண்டும்.

பிறகு மேக் கட்டளை. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் உருவாக்கிய கருவி இது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று பார்த்து, வரிசை பிசகாமல் கம்பைலரை அழைக்கிறது. வழியில் ஒரு விந்தை நடக்கிறது. பைத்தானின் சில பகுதிகள் பைத்தானிலேயே எழுதப்பட்டவை. அவற்றைத் தயார்செய்யவும் பைத்தான் வேண்டும். அதற்காக முதலில் ஒரு குட்டி இன்டர்பிரெட்டர் உருவாகி, முழு இன்டர்பிரெட்டருக்குத் தேவையானதைச் செய்துகொடுக்கிறது. வேகத் தெரிவைச் சேர்த்திருந்தால் வேலை இன்னும் நீளும். ஒருமுறை பில்ட் செய்து, சோதனை நிரல்களை ஓடவிட்டு, எந்தப் பகுதி அதிகம் இயங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்து மீண்டும் ஒருமுறை பில்ட் ஆகும்.

மேக் பிழையின்றி முடிந்தாலும் கடைசி வரிகளைப் படிக்காமல் விடக்கூடாது. ஹெடர் கிடைக்காததால் பில்ட் ஆகாத மாட்யூல்களின் பட்டியல் அங்கேதான் வரும். ஓப்பன்எஸ்எஸ்எல் விடுபட்டிருந்தால் பைத்தான் இயங்கும். ஆனால் கூடுதல் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் பிப் கருவி முடங்கிவிடும். விடுபட்ட டெவ் தொகுப்பை நிறுவி, கான்ஃபிகரிலிருந்து மீண்டும் தொடங்குவதே தீர்வு. எல்லாம் சரியாக இருந்தால் ‘மேக் டெஸ்ட்’ கட்டளை பைத்தானுடன் வரும் சோதனைகளை ஓட்டிக் காட்டும்.

நிறுவும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. லினக்ஸில் முன்பே உள்ள பைத்தான் பயனருக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. அமைப்பின் கருவிகள் பலவும் அதை நம்பி இயங்குகின்றன. அதை நீக்கினாலோ மேலெழுதினாலோ அவை நின்றுபோகலாம். ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளை ‘பைத்தான்3’ என்ற பொதுப் பெயரையும் புதிய பதிப்புக்கு எடுத்துக்கொள்ளும். ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ அப்படிச் செய்யாது, ‘பைத்தான்3.12’ என்பதுபோலப் பதிப்பு எண்ணோடு மட்டுமே நிறுவும். பழையதும் புதியதும் மோதாமல் இருக்க இதுவே ஏற்ற வழி.

மேக் கணினியிலும் படிகள் ஏறத்தாழ இவையே. ஆப்பிள் தரும் எக்ஸ்கோட் கட்டளைக் கருவிகள் கம்பைலரைக் கொடுக்கும். மற்ற லைப்ரரிகளை ஹோம்ப்ரூ என்னும் தொகுப்பு நிறுவும் கருவி வழியாகப் பெறலாம். விண்டோஸில் கான்ஃபிகர் இல்லை. விஷுவல் ஸ்டுடியோவை நிறுவிவிட்டு, மூலநிரலின் ‘பிசிபில்ட்’ கோப்புறையில் உள்ள ‘பில்ட்’ ஸ்கிரிப்டை இயக்க வேண்டும். தேவையான லைப்ரரிகளை அதுவே இறக்கிக்கொள்ளும். விண்டோஸில் நிறுவியைப் பயன்படுத்துவோர், பைத்தானைப் ‘பாத்’ பட்டியலில் சேர்க்கும் கட்டத்தை டிக் செய்ய மறப்பது அடிக்கடி நடப்பது. கட்டளையைத் தட்டியதும் விண்டோஸ் அதைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்தான் பாத். அதில் இடம்பெறாவிட்டால், பைத்தான் கணினியில் இருந்தும் கண்ணில் படாது.

நிறுவிய பதிப்பின் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தபின், ஒவ்வொரு வேலைத்திட்டத்துக்கும் தனியாக ஒரு ‘வென்வ்’ சூழலை உருவாக்குவது நல்லது. ஒரு திட்டத்துக்கு இறக்கிய தொகுப்பு இன்னொன்றைக் கெடுக்காமல் இது காக்கும்.

இப்போது ஆண்டுக்கொரு முறை, அக்டோபரில், பைத்தானின் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பராமரிப்பு உண்டு. காலம் முடிந்த பதிப்பை அகற்ற மேக்ஃபைலில் கட்டளை ஏதும் இல்லை. பிரிஃபிக்ஸில் தனிக் கோப்புறை கொடுத்து நிறுவியவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அந்தக் கோப்புறையை அழித்தால் வேலை முடிந்தது. பொதுக் கோப்புறையில் கலந்து நிறுவியவர்தான் ஒவ்வொரு கோப்பாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.