சந்தேகம் சரி, கணக்கு எங்கே?

கோவை உக்கடத்தில் பொள்ளாச்சி வண்டி ஏறி, அங்கிருந்து வால்பாறைச் சாலையில் போனால் ஆழியாறு. 2019 ஜனவரியில் பஞ்சாபில் நடந்த 106ஆவது இந்திய அறிவியல் மாநாட்டில், அந்த ஆழியாற்றிலிருந்து சென்ற ஒருவர் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தவறு என்று பேசினார். தம் கோட்பாடு நிலைநாட்டப்பட்டதும், காலவெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பலைகளுக்கு ‘நரேந்திர மோடி அலைகள்’ என்று பெயர் வரும் என்றார். மாநாட்டை நடத்திய சங்கம், அவை தன் கருத்துகள் அல்ல என்று ஒதுங்கிக்கொண்டது. ஊர் சிரித்தது. ஆனால் சிரித்துவிட்டுப் போவதற்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈர்ப்பலையைச் சந்தேகித்தவர்களைப் பட்டியல் போட்டால் ஐன்ஸ்டைனையே அதில் சேர்க்க வேண்டும். 1916இல் அந்த அலைகளைக் கணித்த அவர், 1936இல் நேதன் ரோசனுடன் சேர்ந்து அவை இல்லை என்று கட்டுரை எழுதினார். மதிப்பீட்டாளர் ஒருவர் குறை சொன்னதும் கோபித்துக்கொண்டு வேறு இதழுக்குப் போனார். அச்சாவதற்குள் முடிவையும் மாற்றிக்கொண்டார். ஆகவே சந்தேகப்படுவது குற்றமல்ல. எந்தச் சந்தேகத்துக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வெபர், பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, அவற்றின் அதிர்வில் ஈர்ப்பலையைக் கண்டதாக 1969இல் அறிவித்தார். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, சிகாகோ அருகே இருந்த இன்னோர் உருளையும் அதே நேரத்தில் அதிர்ந்தது என்பது அவர் ஆதாரம். உலகம் வியந்தது, பிறகு பல நாடுகளில் அதே மாதிரிக் கருவிகளைச் செய்து பார்த்தார்கள். ஒன்றிலும் எதுவும் கேட்கவில்லை. ராச்செஸ்டர் குழுவின் பதிவும் தம்முடையதும் ஒத்துப்போவதாக வெபர் சொன்னபோதுதான் விஷயம் வெளுத்தது: இரண்டு பதிவுகளும் வெவ்வேறு நேரக் கணக்கில் இருந்தன, இடையே நான்கு மணி நேர வித்தியாசம். ஒரே நொடியில் நடந்ததாக அவர் காட்டியவை உண்மையில் ஒரே நொடியில் நடக்கவே இல்லை. 2000இல் இறக்கும்வரை அவர் தம் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. பட்டம், பதவி, பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தும் அவரை ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியூர்க்காரன், சின்ன ஊர்க்காரன் என்பதால்தான் ஒதுக்குகிறார்கள் என்ற புகாருக்கு வெபரே பதில்.

அந்தச் சூடு பட்டதால்தான், ஈர்ப்பலைகளைப் பிடிக்க அமெரிக்காவில் அமைத்த லைகோ ஆய்வகம் அத்தனை எச்சரிக்கையாகக் கட்டப்பட்டது. நான்கு கிலோமீட்டர் நீளக் குழாய்களில் லேசரை ஓடவிட்டு, அந்த நீளம் புரோட்டானின் அகலத்தில் சில நூறில் ஒரு பங்கு மாறினாலும் கண்டுபிடிக்க வேண்டும். உக்கடம் மேம்பாலத்தில் ஒரு லாரி போனாலே அதைவிடப் பல கோடி மடங்கு நிலம் அதிரும். அதனால்தான் ஒன்றுக்கொன்று 3,000 கிலோமீட்டர் தள்ளி இரண்டு கருவிகள். தங்கள் ஆட்களையே சோதிக்க 2010இல் ஒரு பொய்ச் சமிக்ஞையை ரகசியமாக நுழைத்தார்கள். விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் அலசி, கட்டுரையும் எழுதி முடித்த பிறகே, மூடிவைத்த உறையைப் பிரித்து உண்மையைச் சொன்னார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று, சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்த அலை வந்தபோது, அறிவிக்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் எதிர்ப்பு வந்தது. கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் உள்ளிட்ட சிலர், சமிக்ஞையைக் கழித்த பின் மிஞ்சும் இரைச்சலும் இரண்டு கருவிகளிலும் ஒத்திருக்கிறது என்று 2017இல் எழுதினார்கள். இரைச்சல் ஒத்திருக்கக் கூடாது; ஒத்திருந்தால் சமிக்ஞை என்று நினைத்ததே இரைச்சலாக இருக்கலாம். நியாயமான, குறி பார்த்து எய்த கேள்வி. லைகோ கட்டுரையின் பிரபலமான வரைபடம் ஒன்று விளக்கத்துக்காகக் கண்ணளவில் பொருத்தப்பட்டது என்பதும் இந்த விவாதத்தில்தான் வெளியே வந்தது. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பழி லைகோவுக்கு உரியதே. ஆனால் மூலத் தரவை மற்றவர்கள் எடுத்து அலசியபோது, மிஞ்சியது வெறும் இரைச்சல்தான் என்று தெரிந்தது. அப்படி அலசியவர்களில் ஒருவர் கனடாவின் ஜான் மொஃபாட். ஐன்ஸ்டைனுக்கு மாற்றாக ஒரு ஈர்ப்புக் கோட்பாட்டை முன்வைத்து வருபவர். லைகோ தோற்றால் அவருக்கு நஷ்டமில்லை. அவர் கணக்கிலும் சமிக்ஞை நின்றது.

எல்லாம் ஒரே கூட்டம், நோபல் பரிசுக்கும் பணத்துக்கும் சேர்ந்து சொல்லும் கதை என்பார் சிலர். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை பதிவானது. 1.7 நொடி கழித்து, லைகோவுக்குச் சம்பந்தமில்லாத ஃபெர்மி விண்கலம் காமா கதிரைத் தனியே பதிவு செய்தது. பிறகு சுமார் 70 தொலைநோக்கிகள் அந்த வானப் பகுதியை நோக்கின. 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. கூட்டுச் சதிக்கு ஆள் சேர்க்கலாம், விண்மீனைச் சேர்க்க முடியாது.

ஆழியாற்றுப் பேச்சுக்கும் கோபன்ஹேகன் கட்டுரைக்கும் உள்ள தூரம் இதுதான். இரண்டாவது, தான் தோற்கக்கூடிய இடத்தை எண்களால் காட்டியது. போய்ப் பார்த்தார்கள், தோற்றது. முதலாவதில் அலைக்குப் பெயர் தயாராக இருந்தது, சோதித்துப் பார்க்க அளவு எதுவும் இல்லை. மராட்டியத்தின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியாவுக்கு 2023இல் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். நம் வரிப்பணம், கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. 2015இல் வந்த அந்த முதல் அலையின் தரவு, அறிவிப்பு வந்த 2016 பிப்ரவரி 11 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் இறக்கிக்கொண்டு கணக்குப் போடலாம்.