கடலடி அளவும் கரையோர உரிமையும்

வண்டலூரினின்று கேளம்பாக்கம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், கயிறு விட்டு ஆழத்தைப் பாகக் கணக்கிற் சொல்லும் மரபில் வந்த கோவளத்து மீனவர்களைக் காணலாம். தாம்பரத்தினின்று வேளச்சேரிச் சாலையிற் சென்றால், ஒலியலையைக் கடலடிக்குச் செலுத்தி, அது மீளும் நேரத்தைக் கொண்டு அதே ஆழத்தைக் கணிக்கும் கப்பல்களை உடைய, 1993இல் தோன்றிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பள்ளிக்கரணையிற் காணலாம். பொதுப்பணத்தைக் கொண்டு அளந்தறியும் இந்த ஆழங்கள், எவரும் பெற்றுத் தம் காரியத்துக்கு உபயோகித்துக்கொள்ளத்தக்க எண்களாக ஜனங்களிடம் வந்து சேரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1903இல் மொனாக்கோ அரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவோடு தொடங்கிய ஜெப்கோ என்னும் உலக சமுத்திரப் படம் இன்று எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. எனினும் அது ஏறத்தாழ 450 மீட்டர்ச் சதுரத்துக்கு ஓர் ஆழத்தையே சொல்லும். 2002இல் மாமல்லபுரத்தின் அருகே மூழ்கிய கட்டட எச்சங்களைக் கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கண்டது, கரையினின்று ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலே. அத்தகைய அகன்ற சதுரங்களுக்குள் அவ்வெச்சங்கள் அடங்கி மறைந்துவிடும்.

இது சரித்திர ஆராய்ச்சியோடு நிற்கும் விஷயமன்று. சுனாமி அலையின் வேகம் ஆழத்தையே பற்றி நிற்பது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் அவ்வலை, கரையை நெருங்கியதும் வேகம் குன்றி உயரம் பெறுகிறது. ஆகவே எந்தக் குப்பத்தில் நீர் எவ்வளவு தூரம் புகும் என்று கணிக்க முயலும் மாணவனுக்கு, ஆழ்கடலின் அளவைவிடக் கரையோரத்து நுண்ணிய அளவே இன்றியமையாதது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஐக் கண்ட இக்கரையில் இதை விரித்துரைக்க வேண்டுமா?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தரவு விதிகள், எல்லைக்கடலில் ஆழத்தின் துல்லியத்துக்குக் கரையினின்று 500 மீட்டர் வரை 10 மீட்டர், அதற்கப்பால் 100 மீட்டர் என வரம்பிட்டு, அதனினும் நுண்ணிய தரவை உண்டாக்கவும் உடைமையாகக் கொள்ளவும் இந்திய அமைப்புகளுக்கே அனுமதி தருகின்றன. தேசப் பாதுகாப்பை முன்னிட்ட இவ்வரம்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் மொத்த ஆழமே எட்டு மீட்டராயுள்ள இடத்தில் பத்து மீட்டர்த் துல்லியத்தால் என்ன பிரயோஜனம்? இவ்விதி நம்மவர்க்கு வாயிலை அடைக்கவில்லையாதலால், நுண்ணிய அளவுகளை நம் பல்கலைக்கழகங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் வழங்கும் முறையைச் சம்பந்தப்பட்ட ஸ்தாபனங்களே வகுக்கலாம்.

2014 மார்ச்சில் மறைந்த மலேசிய விமானத்தைத் தேடி இந்துமாக்கடலின் அடித்தரையை அளந்த ஆஸ்திரேலியா, விமானம் அகப்படாதபோதிலும் அவ்வளவுகளை 2017இல் உலகுக்கு வெளியிட்டது. வேறொரு காரியத்துக்காக எடுத்த அளவு அதனால் ஆராய்ச்சியாளர் அனைவருக்கும் பொதுச் சொத்தாயிற்று. நம் தேசத்தின் 2022ஆம் ஆண்டுப் புவிசார் கொள்கை, கடலடியின் நுண்ணிய அளவுகளுக்கு 2035ஐக் கெடுவாக வைத்திருக்கிறது. அந்த அளவுகள் வெளிவரும்போது வண்ணப் படமாக மட்டும் வராமல், அளந்த நாள், கருவி, ஓதத்துக்குச் செய்த திருத்தம், மறுபயன்பாட்டுக்கான அனுமதி ஆகியவற்றோடு கூடிய எண்களாகவே வரவேண்டும். கோவளத்துப் படகோட்டி தன் கருவியிற் கண்ட ஆழத்தையும் அவற்றோடு ஒப்பிட்டுச் சேர்ப்பதற்கு இடமிருக்கவேண்டும்.