பாக்கித்தானியர்: ஒரு பெயரின் பிறப்பும் வழக்கும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வையம்பட்டியில் பிறந்தவரை அயலூரார் வையம்பட்டிக்காரர் என்பர். ஊர்ப்பெயர் முன்னிற்க, ஆளைச் சுட்டும் ஈறு பின்வருவது தமிழ் மரபு. நாட்டுப்பெயரிலிருந்து மக்கட்பெயர் பிறப்பதும் இந்நெறியிலேதான். ஆயினும் பாக்கித்தானியர் என்னும் பெயரின் அடிச்சொல் நெடுங்கால வழக்கில் விளைந்ததன்று; தாளில் எழுதி ஆக்கப்பட்டது.

1933 சனவரியில், கேம்பிரிட்சில் பயின்றுவந்த சௌத்ரி ரகமத் அலி ஒரு சிறுவெளியீட்டில் இப்பெயரை முன்வைத்தார். பஞ்சாபு, ஆப்கானிய மாகாணமென அவர் குறித்த வடமேற்கு எல்லைப்புறம், காசுமீரம், சிந்து ஆகியவற்றின் முதலெழுத்துகளோடு பலுச்சித்தானத்தின் இறுதியை இணைத்தார். இடையிலுள்ள இகரம் ஒலிப்பெளிமை கருதிப் பின்னர்ப் புகுந்தது. பாரசீகத்தில் 'பாக்' தூய்மையையும் 'தான்' இடத்தையும் உணர்த்துவதால் 'தூயோர் நாடு' என்ற பொருளும் அதில் அமைந்தது. இத் 'தான்' ஈறும், திருவரங்கத்தார் நன்கறிந்த தேவத்தானத்தின் இறுதிச் சொல்லும் 'நிற்றல்' என்னும் ஒரே பழவேரின் கிளைகள்.

ஆளைக் குறிக்க உருதுமொழி ஈற்றில் ஈகாரம் சேர்த்துப் 'பாக்கித்தானீ' என்னும். அவ்வடிவம் ஆண், பெண் இருபாலார்க்கும் பொது. பொருள்களுக்கு அடையாகவும் வரும். தமிழோ அவ்வீற்றின்மேல் யகர உடம்படுமெய் இட்டு, 'அர்' எனும் பலர்பால் ஈற்றையும் ஏற்றுகிறது. இதனால் ஆட்குறி இருமுறை அமைகிறது. தமிழ் ஒலிமரபிற்கேற்ப அயல்மொழியின் மெய்ம்மயக்கம் தகர இரட்டிப்பாயிற்று.

எழுத்துக்கூட்டில் வங்காளத்துக்கு இடமில்லை. எனினும் 1947 முதல் 1971 வரை கிழக்கு வங்காளத்தாரும் பாக்கித்தானியராகவே இருந்தனர். ஒரு மக்கட்பெயர் யாரைத் தழுவும் என்பதை வேர்ப்பொருளினும் சட்டமே வலுவாக வரையறுக்கிறது.

இதற்கு இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு சான்று. திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட தமிழ் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவர்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டே 'இந்திய, பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம்' வந்தது. பிரிவினைக்கு முந்தைய இந்திய நிலப்பரப்பில் பூர்விகம் கொண்டு இலங்கையில் நிலைத்தோரையெல்லாம் அது ஒரே தொகுதியாக்கியது. சிந்துவையோ பஞ்சாபையோ கண்டறியாத தோட்டத் தொழிலாளியும் அத்தலைப்பின்கீழேதான் விண்ணப்பித்தார். 1946க்கு முன் மணமானோர் 7 ஆண்டும், மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோரின் விண்ணப்பங்கள் தள்ளுண்டன. அவ்வாறு நாடற்று நின்ற 9,75,000 பேரின் குடியுரிமையைப் பங்கிடவே, 1964 அக்டோபர் 30 அன்று இலங்கை, இந்தியத் தலைமையமைச்சர்களிடையே சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை எழுதப்பட்டது.