மலைச் சரிவும் மின்புலமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் அமைந்தது போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு ஏறும் பாதை ஒன்று இங்கிருந்து தொடங்குகிறது. இத்தகைய மலைநாட்டின் நில அளவைப் படத்தில், சம உயரக் கோடுகள் கடுஞ்சரிவான இடங்களில் நெருங்கியும், சரிவு குறைந்த இடங்களில் அகன்றும் காணப்படும். ஒரே கோட்டின் வழியே நடப்பவர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. சரிவு மிகுந்த திசை, கோட்டுக்குச் செங்கோணத்தில் அமையும். இதனை அறிந்தவர்க்கு மின்புலத்தை விளங்கிக் கொள்வது எளிது.

உயரத்தின் இடத்தில் மின்னழுத்தத்தை வைத்து எண்ணுக. அழுத்தம் சமமாயுள்ள புள்ளிகள் அனைத்தும் சேர்ந்தது சம அழுத்தப் பரப்பு. அதன்மீது மின்னூட்டத்தை நகர்த்த வேலை செய்ய வேண்டியதில்லை. ஆகவே, பரப்பின் வழியே மின்விசை சிறிதும் இருத்தல் இயலாது. விசைக்கோடுகள் பரப்பைச் செங்கோணத்திலேயே வெட்டும். மைக்கேல் பாரடே 19ஆம் நூற்றாண்டில் வகுத்த இக்கோடுகள் நேர் மின்னூட்டத்தில் தொடங்கி எதிர் மின்னூட்டத்தில் முடியும். ஒரு புள்ளியில் விசைக்கு ஒரு திசையே உண்டாதலால் அவை ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

வானம் தெளிந்த நாளிலும் தரைக்கு அருகே மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் மின்புலம் உண்டு. சமவெளியில் சம அழுத்தப் பரப்புகள் தரைக்கு இணையாக அடுக்கப்பட்டிருக்கும். தரையோடு இணைந்த குன்றோ, மரமோ, மனிதனோ மின்கடத்தியாதலால், அப்பரப்புகள் அவற்றின்மேல் வளைந்து உச்சியில் நெருங்குகின்றன. நெருக்கம் மிகுந்த இடத்தில் புலமும் வலிது. இடிமேகம் சூழும்போது சமவெளியிலேயே புலம் மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட்டாக உயரும். சிகரமும் தனிமரமும் மின்னலுக்கு எளிதில் இலக்காவது இதனாலேயே.

மின்னல் தாக்கிய பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. மரத்தின் அடியிலிருந்து மின்னோட்டம் மண்ணில் நாற்புறமும் பரவுகிறது. மண் ஒரே தன்மையுடையதாயின், தரையில் சம அழுத்தக் கோடுகள் மரத்தைச் சுற்றி வட்டங்களாக அமையும். தொலைவு இரு மடங்கானால் புலம் நான்கில் ஒரு பங்காகும். மரத்தை நோக்கி நிற்கும் பசுவின் முன்கால்களும் பின்கால்களும் வெவ்வேறு வட்டங்களில் ஊன்றியிருப்பதால், அவற்றினிடையே அழுத்த வேறுபாடு பெரிது. மின்னோட்டம் இதயத்தின் வழியே பாயக்கூடும். கால்களைச் சேர்த்து நிற்பவருக்கு இவ்வேறுபாடு குறைவு. தரையில் படுத்தவருக்கோ மிகுதி.

வகுப்பறையில் இதனைக் காட்ட, கண்ணாடித் தட்டில் சிறிது நீர் ஊற்றி, அடியில் கட்டத்தாள் வைத்து, நீரில் இரு உலோகத் தகடுகளை நிறுத்தி 9 வோல்ட் மின்கலத்துடன் இணைக்கலாம். வோல்ட்மீட்டர் ஒரே அளவு காட்டும் புள்ளிகளை இணைத்தால் சம அழுத்தக் கோடுகள் கிடைக்கும். ஒரு தகட்டுக்குப் பதிலாக ஆணியை நிறுத்தினால், அதனருகே கோடுகள் நெருங்குவதை மாணவர் தாமே காண்பர்.

கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை மிகுதி. அவ்வேளையில் மலையுச்சியையும் தனிமரத்தையும் விட்டு விலகிக் கட்டடத்தினுள்ளோ, மூடிய உலோக வண்டியினுள்ளோ இருத்தலே பாதுகாப்பு.