அடுத்த முறை யாருக்கு?

உங்கள் பகுதியில் பலர் ஒரே நேரத்தில் கைப்பேசியில் படம் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பதோ ஒரே கோபுரத்தின் அலைவரிசை. அதை எப்படிப் பங்கிடுவது?

எல்.டி.இ. எனப்படும் நான்காம் தலைமுறை முறையில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை 100 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தத் துண்டு யாருக்கு என்பதைக் கோபுரத்திலுள்ள கருவி நொடிக்கு 1000 முறை தீர்மானிக்கிறது! உங்கள் கைப்பேசியும் சும்மா இருப்பதில்லை. சிக்னல் எவ்வளவு தெளிவாக வருகிறது என்று அடிக்கடி தெரிவித்துக்கொண்டே இருக்கும்.

தெளிவாகப் பெறுபவருக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் மொத்த வேகம் கூடும். ஆனால் ஊர்க்கோடியில் இருப்பவர் பட்டினிதான். ஆகவே பரவலாகக் கையாளப்படுவது ஒரு வகுத்தல் கணக்கு. ஒருவர் இப்போது பெறக்கூடிய வேகத்தை, அவர் சற்று முன்வரை பெற்ற சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். ஈவு யாருக்குப் பெரிதோ, அவருக்கே முறை.

அருகில் இருப்பவருக்கு 20 ÷ 10 = 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருப்பவருக்கு 6 ÷ 2 = 3. தொலைவில் இருப்பவரே வென்றார்! முறை கிடைத்ததும் அவருடைய சராசரி ஏறும், ஈவு இறங்கும். காத்திருப்பவருக்கோ இதற்கு நேர்மாறு.

இந்தக் கணக்கைத்தான் போடவேண்டும் என்று எல்.டி.இ. விதிகள் கட்டாயப்படுத்துவதில்லை. கருவி செய்பவர்கள் தத்தம் வழியில் மாற்றிக்கொள்கிறார்கள்.