ஏரலில் வடிந்த வெள்ளம், டில்லியில் வடியாத கணக்கு

வானம் பார்த்த சீமை நம்முடையது. சாத்தூரிலும் சிவகாசியிலும் மழை பெய்தால் கரிசல் குளிரும்; ஆனால் அன்றைக்குத் தீக்குச்சி காயாது, பட்டாசுத் திரி காயாது, அன்றாடக் கூலியை நம்பியிருப்பவன் வயிறுதான் காயும்! ஒரு நாள் தூறலுக்கே இந்தக் கதியென்றால், ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டினால்?

கொட்டியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், நமக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தில். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! விருதுநகர் மாவட்டம் சராசரி ஆண்டொன்றில் பெறும் மழையைவிட அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, ஏரல் கடைவீதி நீரில் மூழ்கியது.

ஏரல் சிற்றூர்தான். ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதுவே பேரங்காடி. பொங்கலுக்கு நாலு வாரமே இருந்த வேளையில், அடுக்கி வைத்த அரிசியும் துணியும் பலசரக்கும் சேற்றோடு சேறாயின. ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, ஊருக்குள் வர வழியுமில்லை.

அந்த நிலையிலும் அந்தப் பகுதி மக்கள் காட்டிய மாண்பை நாடு மறக்கலாகாது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றது. உலை வைத்துச் சோறு போட்டவர்கள் யார்? பக்கத்துப் புதுக்குடி மக்கள்! டில்லியின் உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் ஊர் எழுந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. சேற்றை வாரலாம், சுவரைக் கழுவலாம். முதலை எங்கே தேடுவது? சரக்கு போயிற்று, சரக்கு வாங்கிய கடன் போகவில்லை. விருதுநகர் மண்டிக்காரர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை! சாய்ந்த வாழைக்குப் பதில் கன்று நட்டால், குலை காண ஏறக்குறைய ஓராண்டு. வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூர்ப் பகுதியில் கொடிக்கால் வைத்திருப்பவன் அதுவரை எதை விற்பான்? மாநில அரசு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் வழங்கியது. அடுப்பெரிய உதவிய பணம் அது. கடை திறக்கப் போதாது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் நீர் புகுந்ததே, அந்தக் கரைகளைக் காக்கும் பொறுப்பு மாநிலத்துடையது என்பதையும் மறைக்காமல் சொல்லுவோம்.

ஆனால் பெருந்தொகை டில்லியின் பெட்டியில் அல்லவா இருக்கிறது! தென்மாவட்ட வெள்ளத்துக்காகத் தமிழ்நாடு கேட்டது 18,214 கோடி ரூபாய். மாதங்கள் ஓடின. மறு ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டிற்று. அந்த மாத இறுதியில் டில்லி கணக்குப் பார்த்தது. மாநில நிவாரண நிதியின் கையிருப்பைக் காட்டிக் கழித்தது. 160 கோடியே 61 லட்சம் என்றது. நூறு ரூபாய் கேட்ட கைக்கு 88 காசு!

கேட்டதெல்லாம் தர இயலுமா என்பார்கள். வேண்டாம். எதை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று பட்டியலிட்டுச் சொல்லுங்கள், போதும். வரி கட்ட ஏரல் வியாபாரிக்குக் கெடு வைக்கிறீர்கள். தவறினால் அபராதம் போடுகிறீர்கள். வெள்ள நிவாரணத்துக்கும் அப்படியொரு கெடுவைச் சட்டத்திலே எழுதுங்கள்: இத்தனை நாளில் சேதக் கணக்கு, இத்தனை நாளில் பணம், தவறினால் வட்டி.