ஒரே புத்தகத்துக்குள் எத்தனை பேய்கள், தெரியுமா?

'கோர்மென் சார்லஸ்' என்றொரு எழுத்தாளர் நம் கதைக்குள் எங்குமே கிடையாது. ஆனாலும் அவர் பெயரைக் கொடுத்துத் தேடினால், "இதோ அவர் எழுதிய புத்தகம்!" என்று ஒரு தேடுபொறி எடுத்து நீட்டக்கூடும். எப்படித் தெரியுமா?

கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் 'இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்' என்ற தலையணைப் புத்தகத்திடமிருந்து தப்பியிருக்க முடியாது. தாமஸ் கோர்மென், சார்லஸ் லைசர்சன், ரொனால்ட் ரிவெஸ்ட், கிளிஃபோர்ட் ஸ்டைன் என நான்கு ஆசிரியர்கள். 1990, 2001, 2009, 2022 என நான்கு பதிப்புகள். இதைத் தேடுபொறியில் ஏற்றினால் 'ஆசிரியர்' என்ற ஒரே ஃபீல்டுக்குள் நான்கு பெயர்களும் உட்கார்ந்தாக வேண்டும். கூத்து அங்கேதான் ஆரம்பம்!

உலகின் ஏராளமான தேடல் பெட்டிகளுக்கு அடியில் ஓடுவது லூசீன் என்ற நிரல் தொகுப்பு. டக் கட்டிங் 1999இல் எழுதியது. பெயர் அவருடைய மனைவியின் நடுப்பெயர். சோலார், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறிகள் இரண்டும் இதன் மேல் எழுந்தவைதான். (எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கிய ஷாய் பானன் தேடல் வேலையில் இறங்கியதே, சமையல் படித்த மனைவிக்குக் குறிப்புகளைத் தேடித் தரத்தான். இந்தத் துறை மனைவிமாருக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது!)

லூசீனின் கண்ணுக்கு நான்கு பெயர்கள் நான்காகத் தெரிவதில்லை. ஒன்றின் வாலில் அடுத்ததை ஒட்டி, எல்லாச் சொற்களுக்கும் ஒரே ஓட்டத்தில் இட எண் போட்டுக்கொண்டே போகும். தாமஸ் 0, கோர்மென் 1, சார்லஸ் 2, லைசர்சன் 3... கோர்மெனுக்கு அடுத்த எண்ணில் சார்லஸ் நிற்கிறாரா? ஆம். அப்படியானால் 'கோர்மென் சார்லஸ்' என்ற சொற்றொடர் இருக்கிறது! பேய் பிறந்துவிட்டது.

வைத்தியம் என்ன தெரியுமா? ஒரு பெயர் முடிந்ததும் இட எண்ணில் 100 தாண்டிக் குதிப்பது! அவ்வளவேதான். சார்லஸ் இப்போது 2இல் இல்லை, 102இல் இருக்கிறார். நடுவே எந்தச் சொல்லும் இல்லை, எண் மட்டும்தான் தாவுகிறது. லூசீனைத் தனியாக எடுத்தால் இந்த இடைவெளி 0. எலாஸ்டிக்சர்ச்சில் நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் 100. ஆனால் "இடையில் நூறு இடம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை" என்று தளர்த்திக் கேட்டுப் பாருங்கள், விரட்டிய பேய் திரும்பி வந்து நிற்கும்!

இதைவிடப் பெரிய பேய் இருக்கிறது. 1990 பதிப்பில் ஸ்டைன் கிடையவே கிடையாது. அவர் 2001இல்தான் சேர்ந்தார். ஒவ்வொரு பதிப்பையும் அதன் ஆண்டோடும் ஆசிரியர்களோடும் கட்டி, ஒழுங்கான பட்டியலாகத்தான் அனுப்புகிறோம். எலாஸ்டிக்சர்ச் அந்தக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, ஆண்டுகளை ஒரு பக்கமும் பெயர்களை ஒரு பக்கமுமாகக் கொட்டிவிடுகிறது. பிறகு "1990, ஸ்டைன்" என்று கேட்டால்? இரண்டும் இருக்கிறதே, எடுத்துக்கொள் என்கிறது. இங்கே நூறு இட இடைவெளி எதற்கும் உதவாது.

இன்னொன்று. "1991க்குப் பிறகு" என்று ஒரு நிபந்தனை, "2000க்கு முன்" என்று தனியாக இன்னொரு நிபந்தனை. நம் புத்தகம் இரண்டிலும் தேறிவிடும்! முதல் நிபந்தனைக்கு 2001 கை தூக்கும், இரண்டாவதற்கு 1990 கை தூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு பதிப்பும் வரவில்லை என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இரண்டு எல்லைகளையும் ஒரே வரம்பாகக் கொடுத்தால் மட்டும் ஏதாவது ஓர் ஆண்டாவது உள்ளே விழுகிறதா என்று பார்த்து, சரியாக மறுத்துவிடும்.

ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினால் இந்தப் புத்தகம் எங்கே நிற்கும்? ஏறுவரிசை கேட்டால் 1990க்குரிய இடத்தில், இறங்குவரிசை கேட்டால் 2022க்குரிய இடத்தில்! முதலாவதற்குச் சிறிய மதிப்பு, இரண்டாவதற்குப் பெரிய மதிப்பு என்பது எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பான வழக்கம். ஆக, பட்டியலைத் தலைகீழாக்கினால் அதே பட்டியல் தலைகீழாக வரும் என்று நம்பக் கூடாது. இடைநிலை மதிப்பைக் கேட்டால் 2005 என்று எந்தப் பதிப்பும் வராத ஓர் ஆண்டைச் சொல்லும். கூட்டுத்தொகை கேட்கவும் வழி உண்டு: 8022! ஆண்டுகளைக் கூட்டி யார் என்ன செய்யப்போகிறார்களோ.

பெயர்களின் வரிசையும் நிலைக்காது. வரிசைப்படுத்தவும் எண்ணவும் வைத்திருக்கும் தனி அடுக்கில் லூசீன் பெயர்களை எழுத்து வரிசையில் மாற்றி, திரும்ப வருவதை நீக்கிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் சார்லஸ் முதலாவது, தாமஸ் கடைசி. அட்டையில் முதல் பெயராக நிற்கும் கோர்மென் இங்கே வால்பக்கம்! மூலப்பிரதி வேறிடத்தில் பத்திரமாக இருப்பதால் தப்பித்தோம்.

அந்த 1990 ஸ்டைன் பேயை ஓட்ட வழியே இல்லையா? உண்டு. ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனி மறைவான ஆவணமாக வைக்கச் சொல்லலாம். நான்கு பதிப்புகளும் பிள்ளைகளாக முன்னால், புத்தகத்துக்கான தாய் ஆவணம் கடைசியில், ஐந்தும் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும். ஒரு பதிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் ஐந்தையும் புதிதாக எழுதியாக வேண்டும். இப்போது "எத்தனை புத்தகம்?" என்று தேடலில் எண்ணச் சொன்னால் 1 என்கிறது. இண்டெக்ஸ்களின் கணக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தாலோ, 5!